டலா ஜெட்டி சந்துகளில் வண்டி நிறுத்துகிற தொல்லைக்கு என்னதான் வழி?

படித்துறை | 29 அக்டோபர் 2019, காலை 7.10

தீபாவளி முடிந்த கையோடு சண்டை இழை திறக்கிறான் என்று யாரும் வையாதீர்கள், பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

ரங்கூனிலிருந்து படகில் ஆற்றைக் கடந்தால் டலா. இங்கே படகு ஜெட்டிக்குப் பக்கத்துச் சந்து ஒன்றில் எங்கள் வீடு. விடியற்காலை முதல் படகுக்கே ஆரம்பித்துவிடும். துவாண்டே ரோட்டுப் பக்கமிருந்து வருகிறவர்கள் பைக்கை வாடகை ஸ்டாண்டில் விடாமல் நேராகச் சந்துக்குள் திருப்பி, எந்த வேலி ஓரம் காலியாக இருக்கிறதோ அங்கே சாய்த்து, முன் சக்கரத்தில் சங்கிலியைப் போட்டுவிட்டுப் படகுக்கு ஓடுகிறார்கள். சாயங்காலம் வரை அது அங்கேயேதான். நகர்த்தவும் முடியாது, ஹேண்டில் பூட்டியிருக்கும். முந்தாநாள் தீபாவளிக்கு எங்கள் மாமனார் வீட்டார் சைக்காவில், அதாவது சைக்கிள் ரிக்‌ஷாவில் வந்தார்கள். வண்டி உள்ளே நுழையவில்லை, முனையிலேயே இறங்கிப் பலகாரத் தூக்கோடு வயதானவர்கள் பைக்குகளுக்கு நடுவே ஒருக்களித்து நடந்து வந்தார்கள்.

அதைக்கூட விடுங்கள். இங்கே பாதி வீடு பலகை, பாதி மூங்கில் தட்டி. கோடையில் ஒரு வீடு பற்றிக்கொண்டால் 191-க்குப் போன் போட்டு என்ன பயன், தீயணைப்பு வண்டி எந்த வழியாக வரும்? வார்டு ஆபீசில் இரண்டு முறை சொல்லியாகிவிட்டது, பார்க்கலாம் என்கிறார்கள். சந்து முனையில் இரும்புச் சங்கிலி கட்டிவிடலாம் என்று எங்கள் பக்கத்தில் பேச்சு. உங்கள் பக்கம் எப்படி?

முகல்தெரு மைனர் | 29 அக்டோபர், காலை 8.02

சங்கிலி கட்டினால் தீயணைப்பு வண்டி மட்டும் தாவி வருமா அண்ணே?

ஜெட்டி பக்கத்தில் வீடு வேண்டும், படகுக்கு நடந்து போகிற வசதி வேண்டும், வாசலில் நாலு ஆள் நடமாட்டம் இருப்பதால் கடை போட்டால் ஓட வேண்டும், ஆனால் வருகிறவன் வண்டி மட்டும் கண்ணில் படக்கூடாது. நல்ல நியாயம். சந்து என்ன உங்கள் பாட்டன் வீட்டுக் கொல்லையா? கல்யாணத்துக்குப் பந்தல் போட்டு மூன்று நாள் அடைக்கிறபோது இந்தத் தீயணைப்பு வண்டி எங்கே போயிருந்தது?

கனி நானா | 29 அக்டோபர், காலை 9.40

மைனர், பேச்சைக் குறையுங்கள், அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. வெளியூரிலிருந்து படிக்கிறவர்களுக்காகக் கொஞ்சம் விவரம் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இது ஏதோ டலாக்காரர்களுக்கு ஒழுங்கு தெரியாத கதை மாதிரிப் போய்விடும்.

ரங்கூன் நகரத்துக்குள் 2003-லிருந்து மோட்டார் சைக்கிள் ஓட்டத் தடை. ஏன் தடை வந்தது என்று ஆளுக்கொரு கதை சொல்வார்கள், அது வேண்டாம். ஆனால் ஆற்றுக்கு இந்தப் பக்கம், டலா, துவாண்டே, கோமு, குஞ்சாங்கோன் எல்லாம் பைக் இல்லாமல் பிழைப்பே கிடையாது. ஆக ஒருவன் இருபது மைல் தள்ளி இருந்து வந்தாலும் அவன் பைக் கரையோடு நின்றுவிட வேண்டும், தடை இல்லாவிட்டாலும் அந்தக் கூட்டத்தில் படகில் பைக்கை எங்கே ஏற்றுவது. ஒரு நாளைக்கு 30,000 பேர் போல இந்தத் துறையில் கடக்கிறார்கள் என்று பத்திரிகையில் போடுகிறார்கள். ஜப்பான்காரன் கொடுத்த, செர்ரி என்று பெயர் வைத்த மூன்று படகும் 2014-லிருந்து ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஆளை ஏற்றப் பத்து நிமிடத்தில் அக்கரை சேர்க்கிற படகு கொடுத்தார்கள், அந்த ஆள் வந்த வண்டியை எங்கே வைப்பான் என்று மட்டும் ஒருவரும் யோசிக்கவில்லை. ஜெட்டி கட்டுகிற இடத்தில் ஸ்டாண்டுக்கு இடம் ஒதுக்காமல் விட்டதுதான் மூல வியாதி, அக்கம்பக்கத்து வீட்டுக் கொல்லைகளில் தனியார் ஸ்டாண்டு முளைத்தது அதனால்தான்.

இன்னொன்று. இங்கே ஓடுகிற கென்போ என்கிற சீன பைக்குகளில் எத்தனைக்கு லைசென்ஸ் நம்பர் இருக்கிறது? திருட்டுப் போனால் போலீசில் எழுதிக் கொடுக்கவும் முடியாது, முதலில் உன் வண்டிக்குக் காகிதம் காட்டு என்பார்கள். அதனால் வண்டியை எங்கே விட்டால் பத்திரம் என்பதுதான் ஒருவனுக்கு முதல் கவலை, வழி மறிக்கிறதா என்பது அப்புறம்தான். குடும்பங்கள் குடியிருக்கிற சந்தில் பகலெல்லாம் பத்துக் கண் பார்த்துக்கொண்டே இருக்கிறது. காசு கேட்காத காவல்!

கரையோரம் | 29 அக்டோபர், பகல் 12.25

பாலம் வந்தால் எல்லாம் சரியாகிவிடும். போன டிசம்பரில் அடிக்கல் நாட்டி வேலை நடக்கிறது, கொரியாக்காரன் கடன் கொடுத்திருக்கிறான், அந்தப் பக்கம் லம்மடோ பொஞ்சீ தெரு, இந்தப் பக்கம் போ மின் யாங் ரோடு. இன்னும் மூன்று வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு இருங்கள்.

எங்கள் தாத்தா இர்ரவாடி பிளாட்டில்லா என்கிற ஆற்றுக் கப்பல் கம்பெனியின் டாக்யார்டில் வேலை செய்தவர். டலா டலா என்று ஊரிலிருந்து கப்பலேறி வந்தது அந்த டாக்யார்டுக்காகத்தான். அப்போது சம்பான் என்கிற துடுப்புப் படகில் கடப்பார்கள், இல்லையென்றால் நடப்பார்கள். நிறுத்துவதற்கு எவனிடமும் ஒன்றும் கிடையாது, சண்டையும் கிடையாது.

கனி நானா | 29 அக்டோபர், பகல் 12.51

கரையோரம் மாமா, பாலம் வந்தாலும் பைக் தடை போகாதே. பாலத்தின் அந்தப் பக்கம் கால் வைத்தால் நகரம். அப்புறம் ஜெட்டி சந்தில் நிற்கிற பைக் எல்லாம் போ மின் யாங் ரோட்டுச் சந்துகளில் நிற்கும், அங்கிருந்து பஸ் ஏறுவார்கள். இழையைத் திறந்த படித்துறைக்கு விடுதலை, வேறு ஒருவருக்கு வாசலில் பைக். போதாததற்குக் காரும் வரும். அங்கே இப்போதே நிலம் விலை ஏறிவிட்டது, மனை வாங்குகிற யாராவது இதை யோசிக்கிறார்களா பாருங்கள்.

டலாக்குட்டி | 29 அக்டோபர், இரவு 10.15

இப்போதுதான் வீட்டுக்கு வந்தேன். சந்தில் வண்டி விடுகிற கூட்டத்தில் நானும் ஒருத்தி, அதனால் எங்கள் பக்கத்தையும் கேளுங்கள்.

ரங்கூன் முகல் தெருவில் துணிக்கடையில் வேலை. ஏழரைக்குக் கதவைச் சாத்துவோம், கணக்கு முடித்து, துணித் தான்களை மடித்து வைத்து வெளியே வர எட்டு ஆகிவிடும். பான்சொடான் துறைக்கு நடந்து வந்து கூட்டத்தில் ஏறி இக்கரை இறங்கும்போது எட்டரை தாண்டியிருக்கும், சில நாள் ஒன்பது. ஜெட்டி பக்கத்து ஸ்டாண்டு எல்லாம் எட்டு மணிக்குத் தகரக் கதவைப் பூட்டிவிடுகிறார்கள். பூட்டின பிறகு வந்தால் வண்டி காலையில்தான் கிடைக்கும், அதுவும் ராத்தங்கல் என்று 500 கியாட். பகல் வாடகை 200-தான். என் வீடு துவாண்டே ரோட்டில் வெகு தூரம் உள்ளே, அந்த நேரத்தில் மோட்டார் சைக்கிள் டாக்சிக்காரன் கேட்கிற காசு எனக்குக் கட்டுப்படியாகாது. கூலி சட்டப்படி ஒரு நாளைக்கு 4,800, என் முதலாளி அதற்கு மேல் ஒரு கியாட் தரமாட்டார். இதில் 500 ஸ்டாண்டுக்கு, டாக்சிக்கு எவ்வளவு, நீங்களே கணக்குப் போடுங்கள்.

200 கொடுக்கக் கஞ்சப்பட்டுச் சந்தில் விடுகிறோம் என்று நினைக்காதீர்கள் அண்ணே. எட்டு மணிக்கு மேல் வருகிறவர்கள் எல்லாருக்கும் இதே கதைதான். உங்கள் வேலி ஓரத்தில் பொழுது சாய்ந்த பிறகும் நிற்கிற வண்டி யார் யாருடையது என்று ஒரு நாள் நின்று பாருங்கள். கடைப் பெண்கள், ஓட்டலில் பாத்திரம் கழுவுகிறவர்கள், செக்யூரிட்டி.

முகல்தெரு மைனர் | 29 அக்டோபர், இரவு 10.31

இதைத்தான் நான் சொல்ல வந்தேன், தங்கச்சி அழகாகச் சொல்லிவிட்டது.

படித்துறை | 30 அக்டோபர், காலை 6.45

நீ சொல்ல வந்தது கல்யாணப் பந்தல் மைனர், பேச்சை மாற்றாதே.

தங்கச்சி, நீ எழுதியதைப் படித்துவிட்டு, வாசலில் தினமும் பார்க்கிறதை யோசித்துப் பார்த்தேன். ஏழு மணி வரை ஒரு கூட்டம் வந்து வண்டியை எடுக்கிறது. அது சும்மா காசு மிச்சம் பிடிக்கிற கூட்டம், அதற்கு என்னிடம் இரக்கம் கிடையாது. அதற்கு மேல் நிற்பது பாதிக்குக் குறைச்சல். எட்டு மணிப் பிரச்சினை உண்மைதான் என்று ஒத்துக்கொள்கிறேன். ஆனால் என் வாசல் அதற்கு மருந்து இல்லை அல்லவா? மழை ஆறு மாதமும் ஸ்டாண்டுகளில் முழங்கால் சேறு, அப்போது இரண்டு கூட்டமும் சேர்ந்து சிமென்டு போட்ட எங்கள் சந்துக்குத்தான் வருகிறது.

நிஷிகசாய் | 30 அக்டோபர், காலை 8.20

டோக்கியோவிலிருந்து எழுதுகிறேன், பிறந்தது ரங்கூன் தாக்கேத்தா. இந்த ஊர்க்காரர்களும் இதே தொல்லையை ஒரு காலத்தில் பட்டிருக்கிறார்கள், பைக்குக்குப் பதில் சைக்கிள். ரயில்வே ஸ்டேஷன் வாசலில் மலை மலையாகச் சைக்கிளை விட்டுவிட்டு வேலைக்குப் போய்விடுவார்களாம். 1980-ல் தனியாக ஒரு சட்டமே கொண்டுவந்தார்கள். தடை செய்த இடத்தில் சைக்கிள் நின்றால் முதலில் ஹேண்டிலில் எச்சரிக்கைச் சீட்டு கட்டுவார்கள், எடுக்காவிட்டால் லாரியில் ஏற்றிக்கொண்டு ஊருக்கு ஒதுக்குப்புறமான கொட்டகையில் போட்டுவிடுவார்கள். தண்டம் கட்டித்தான் மீட்க வேண்டும்.

ஆனால் தூக்குவதை மட்டும் பார்த்துவிட்டு ஜப்பானில் கண்டிப்பு என்று நம்மாட்கள் பேசுகிறார்கள். கூடவே நிறுத்த இடமும் கட்டிக்கொடுத்தார்கள், அதை யாரும் சொல்வதில்லை. எனக்கு அடுத்த ஸ்டேஷன் கசாய். அங்கே தரைக்கு அடியில் 2008-ல் ஒன்று திறந்தார்கள், 9,400 சைக்கிள் பிடிக்கும். பாதிக்கு மேல் இயந்திரமே உள்ளே இழுத்து அடுக்கிக்கொள்கிறது, கார்டைக் காட்டினால் கொஞ்ச நேரத்தில் நம் சைக்கிள் வாசலில் வந்து நிற்கும். டலாவில் இயந்திரம் வேண்டும் என்று சொல்லவில்லை, கரன்ட் போனால் அத்தனை வண்டியும் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். மாதச் சீட்டு முறையைத்தான் பாருங்கள் என்கிறேன். மாதக்காசு முன்கூட்டியே கட்டினவனுக்கு நேரக்கணக்கு கிடையாது, ரயில் தாமதமானாலும் அவன் பாட்டுக்கு வந்து எடுத்துப் போகிறான்.

வக்கீல் குமாஸ்தா | 30 அக்டோபர், காலை 10.05

சட்டப்படி ஒரு வார்த்தை. சந்தில் குடியிருக்கிறவர்களுக்கு மட்டும் அட்டை கொடுத்து, மற்றவர்கள் நிறுத்தக்கூடாது என்பது உலகத்தில் இல்லாத புதுமை அல்ல. அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்து ஆர்லிங்டனில் அப்படித்தான் செய்தார்கள், வெளியிலிருந்து வேலைக்கு வருகிறவர்கள் வழக்குப் போட்டு, 1977-ல் சுப்ரீம் கோர்ட் அந்த ஏற்பாடு செல்லும் என்று சொல்லிவிட்டது. ஆனால் அதைச் செய்தது அரசாங்கம். நாலு வீட்டார் கூடிச் சங்கிலி கட்டுவது வேறு. பொதுவழியை மறித்ததாக நாளை உங்கள் மேல்தான் எழுதுவார்கள் படித்துறை, ஜாக்கிரதை.

தாம்பரத்துப் பேரன் | 30 அக்டோபர், பகல் 1.15

எங்கள் தாத்தா பாட்டி பர்மாவிலிருந்து திரும்பி வந்தவர்கள், நான் சென்னைப் பக்கம். இங்கே எலெக்ட்ரிக் ரயிலுக்குப் போகிறவர்கள் எல்லாரும் ஸ்டேஷன் ஸ்டாண்டில்தான் டூவீலரை விடுவோம், அது டெண்டர் எடுத்தவர் நடத்துவது. ராத்திரி கடைசி ரயில் வந்து போகிற வரை ஆள் இருப்பார். அவருக்கு வருமானமே லேட்டாக வருகிறவர்களிடம்தான், அவர்களை எப்படி விடுவார்? எட்டு மணிக்குப் பூட்டுகிற ஸ்டாண்டை இப்போதுதான் கேள்விப்படுகிறேன். படகு ஓடுகிற நேரமும் ஸ்டாண்டு திறந்திருக்கிற நேரமும் ஒன்றாக இல்லை என்றால் மற்றது எதைப் பேசியும் புண்ணியம் இல்லை.

ஆனால் இங்கேயும் ஸ்டாண்டுக்கு வெளியே ரோட்டில் விடுகிறவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள், அதையும் சொல்லிவிட வேண்டும். போலீஸ் வண்டியில் தூக்கிப் போட்டுப் போவார்கள்.

ஸ்டாண்டுக்காரன் | 30 அக்டோபர், மாலை 5.30

ஆளாளுக்கு என்னைப் பிடித்து ஆட்டுவதால் வந்தேன். ஜெட்டி ரோட்டில் சின்ன ஸ்டாண்டு வைத்திருக்கிறேன், எங்கே என்று கேட்காதீர்கள்.

எட்டு மணிக்கு ஏன் பூட்டுகிறோம்? வண்டி எடுக்கக் கொடுக்க ஒரு பையன், விடியலில் நாலரைக்கே வந்துவிடுகிறான். அவன் எட்டு மணிக்கு மேல் நின்றால் தூங்குவது எப்போது? இன்னொரு பையன் போட்டால் அவனுக்குக் கூலி. எட்டுக்கு மேல் வருகிற வண்டி என்னிடம் பத்துக்கூட இருக்காது, எல்லாரும்தான் சந்தில் விட்டுவிடுகிறீர்களே. பத்து வண்டிக்கு 200 போட்டால் 2,000, அந்தக் காசு அவன் சாப்பாட்டுக்கும் விளக்குக்கும் போய்விடும்.

அப்புறம் திருட்டு. அட்டைச் சீட்டைக் கத்தரியால் வளைத்து வளைத்து இரண்டாக வெட்டுவேன், பாதியை ஹேண்டிலில் கட்டி மறுபாதியை உங்கள் கையில் தருவேன். இரண்டு பாதியும் ஒட்டினால்தான் வண்டி வெளியே போகும். பகலில் இது சரியாக நடக்கிறது. இருட்டில் கூட்டமாக வந்து நாலு பேர் ஒரே நேரத்தில் சீட்டை நீட்டும்போது ஒரு கென்போவுக்கும் இன்னொரு கென்போவுக்கும் என்ன வித்தியாசம் தெரியும்? எல்லாம் ஒரே சிவப்பு. வண்டி மாறிப் போனால் அந்தக் கடன் என் தலையில்.

டலாக்குட்டி | 30 அக்டோபர், இரவு 10.20

அண்ணே, பத்து வண்டிதான் வருகிறது என்றால் நீங்கள் பூட்டுவதால்தான் பத்து. ஒன்பதரை வரை திறந்திருக்கும் என்று தெரிந்தால் எங்கள் தெருப் பெண்களே உங்களிடம்தான் விடுவார்கள். எனக்கு மட்டும் சந்தில் விட ஆசையா? போன மழையில் என் வண்டி சீட்டை யாரோ பிளேடால் கிழித்துவிட்டார்கள். அது உங்கள் சந்து இல்லை படித்துறை அண்ணே, பயப்படாதீர்கள்.

மாதச் சீட்டு போடுங்கள், முன்பணம் தருகிறோம். மாதம் எவ்வளவு என்று மட்டும் கறாராகச் சொல்லிவிடுங்கள்.

முகல்தெரு மைனர் | 30 அக்டோபர், இரவு 10.44

முன்பணம் வாங்கிக்கொண்டு அடுத்த மாதமும் எட்டு மணிக்கே பூட்டினால் யாரிடம் போய்க் கேட்பது? எனக்கென்னவோ நம்பிக்கை இல்லை. வாடகை ஏற்றுவதற்கு நல்ல சாக்கு.

கனி நானா | 31 அக்டோபர், காலை 7.30

மைனர் சந்தேகப்படுவதில் தப்பில்லை. அதனால் மொத்தக் காசையும் ஸ்டாண்டுக்காரர் கையில் கொடுக்க வேண்டாம், இரவுப் பையன் கூலியை மட்டும் தனியாகப் பிரித்துவிடலாம் என்று தோன்றுகிறது. படித்துறையும் அவர் சந்துக்காரர்களும் சங்கிலிக்கும் பூட்டுக்கும் வசூல் பண்ணுவதாக இருந்த காசை அந்தக் கூலியில் பாதியாகப் போடட்டும். சந்து காலியாகிறது, அதுதானே அவர்களுக்கு வேண்டும். மீதிப் பாதி மாதச் சீட்டுக்காரர்களிடமிருந்து. கடைசிப் படகு கட்டுகிற வரை பையன் நிற்க வேண்டும். மார்கழி தையில் பனிமூட்டத்தில் படகு நின்று போகிறதே, அது காலையில்தான், ராத்திரிக்கு அந்தத் தொந்தரவு இல்லை.

வண்டி மாறுவதற்கு வழி சுலபம். மாதச் சீட்டு வண்டிகளைத் தனி வரிசையில் வையுங்கள், மட்கார்டில் பெயின்ட்டால் நம்பர் எழுதுங்கள். லைசென்ஸ் இல்லாத வண்டிக்கு அதுவே நம்பர்!

ஏழு மணிக்கு வண்டி எடுக்கிற அந்தக் காசு மிச்சம் பிடிக்கிற கூட்டத்துக்கு மட்டும் ஜப்பான் வைத்தியம். ஹேண்டிலில் சீட்டு கட்டுங்கள். காற்றைப் பிடுங்குவது, ஆணி வைப்பது எல்லாம் வேண்டாம், போன வருடம் வேறொரு சந்தில் அப்படிச் செய்து கைகலப்பில் முடிந்தது.

ஸ்டாண்டுக்காரன் | 31 அக்டோபர், மாலை 6.05

பாதிக் கூலி வெளியிலிருந்து வந்தால் எனக்குச் சம்மதம். மாதம் 5,000, ஞாயிறு உள்பட, ஒன்பதரை வரை. அதற்கு மேல் வந்தால் ராத்தங்கல்தான், அதில் பேரம் வேண்டாம், நானும் தூங்க வேண்டும். முப்பது வண்டியாவது சேர வேண்டும், இருபதோடு நின்றால் என்னால் நடத்த முடியாது. சேற்றுக்குச் செங்கல் ஜல்லி அடிக்கலாம், அது மழை முடிந்து நிலம் காய்ந்த பிறகு, இப்போது கொட்டினால் உள்ளே போய்விடும்.

படித்துறை | 31 அக்டோபர், இரவு 8.50

எங்கள் சந்தில் பேசினேன். மூன்று வீடு சம்மதம், ஒரு வீடு நான் ஏன் கொடுக்க வேண்டும் என்கிறது, ஒரு வீட்டில் அவர்களே முற்றத்தில் நாலு வண்டி நிறுத்தவிட்டுக் காசு வாங்குகிறார்களாம், இத்தனை நாள் எனக்கே தெரியாது. அவர்களிடமிருந்து பைசா எதிர்பார்க்க வேண்டாம். சங்கிலியை இப்போதைக்குத் தள்ளி வைத்திருக்கிறோம். விட்டுவிட்டோம் என்று அர்த்தம் இல்லை.

பர்மாக்காரர்களின் விளக்குத் திருவிழாவான தசாங்டைன் பௌர்ணமி 11-ஆம் தேதி, அன்று ரங்கூன் போகிற கூட்டம் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அதற்கு முன்னால் தொடங்கினால் நல்லது. சந்தின் ஒரு ஓரம் சுண்ணாம்புக் கோடு போட்டு, கோட்டுக்கு அந்தப் பக்கம் எதுவும் நிற்கக்கூடாது என்று எழுதப் போகிறேன். எங்கள் வீட்டு விசேஷப் பந்தலும் சேர்த்துத்தான் மைனர், சந்தோஷமா?

முகல்தெரு மைனர் | 31 அக்டோபர், இரவு 9.12

எழுதி வையுங்கள் அண்ணே, போட்டோ எடுத்துவைத்துக்கொள்கிறேன். மாதச் சீட்டுக்கு என் பெயரையும் போடுங்கள், எனக்காக இல்லை, தம்பிக்காக.

டலாக்குட்டி | 31 அக்டோபர், இரவு 10.08

எங்கள் பக்கம் பதினாலு பேர் சேர்ந்திருக்கிறோம். 5,000-ஐ இரண்டு தவணையாகக் கட்டலாமா என்று கேட்கிறார்கள், சம்பளம் 5-ஆம் தேதிதான். ஹெல்மெட்டுக்குத் தனிக்காசா?

ஸ்டாண்டுக்காரன் | 1 நவம்பர், காலை 5.15

இரண்டு தவணை சரி. ஹெல்மெட்டுக்குக் காசு வேண்டாம், ஆனால் வண்டியிலேயே தொங்கவிட்டுப் போகாதீர்கள், பையனிடம் கொடுத்துச் சீட்டு வாங்குங்கள். இன்னும் பதினைந்து பெயர் வேண்டும்.